கணக்கில் வராத உப்பு

முப்பத்தொரு வருடம் போமோரியே உப்பளத்தில்
வாரிக் குவித்தவன் டோப்ரோமிர்.
இப்போது இதயம் கணக்குக் கேட்கிறது.

ஊறுகாய் ஜாடி மகள் வீட்டுக்குப் போயிற்று.
உப்புநீரில் மிதந்த பாலாடைக்கட்டியும்.
பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிக்
கண்ணாடி போட்டுப் படித்தான்:
அதிலுமா? சீ.

மெல்லிய துணியில் தயிரைக் கட்டி
ராத்திரி குழாயில் தொங்கவிட்டான்.
சொட்டு. சொட்டு.
தூக்கம் வராதவனுக்கு அதுவும் ஒரு கடிகாரம்.

விடிந்தபோது துணிக்குள் கெட்டியாய் வெள்ளை.
கிண்ணத்தில் போட்டதும்
கரண்டி தானாகவே அதைக் கூம்பாக்கியது,
பழக்கதோஷம்.
வடிந்த நீர் தக்காளிச் செடிக்கு.

இரண்டு பீச், தோலோடு.
தொட்டால் வெடிக்கிற பக்குவத்தில் ஓர் அத்திப்பழம்.
வறுத்த வால்நட், வெறுமனே வறுத்தது.
தேன், இஸ்க்ரா பார்க்காதபோது
இன்னும் கொஞ்சம்.

"பாலிலேயே துளி உப்பு இருக்கிறது,
உங்களுக்கு அது போதும்" என்றிருந்தார் டாக்டர்.

முதல் வாயை விழுங்காமல்
நாக்கில் வைத்துத் தேடினான்.
ஜன்னலுக்கு வெளியே பாத்திகள் வெளுத்துக் கிடந்தன.
"என்ன, நல்லாயில்லையா?"
பேசாதே என்று கைகாட்டினான் இஸ்க்ராவுக்கு.

இருக்கிறது.
எங்கேயோ இருக்கிறது.