நான்கு தராசு

கராஜ் தரையில் நான்கு தராசு,
சக்கரத்துக்கு ஒன்றாக.
வடமூலையில் சிமென்ட் கொஞ்சம் பள்ளம்.
தகரத் துண்டைச் சொருகி
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை
மண்டியிட்டுக் கிடந்தேன்.
வெளியே அயோவாவின் ஜூலை.
சோளம் ஆளை மறைக்கிறது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.
எங்கள் ஆட்டமே கோணலில்தான்.
இந்த வண்டியை நேராக நிறுத்தினால்
கெட்டுப்போகும்.
வலது பின் டயர் பெரிது, இடது சிறிது;
சும்மா தள்ளிவிட்டாலே
வீட்டுக்கு வழி தெரிந்த மாடு மாதிரி
இடப்பக்கம் திரும்பும்.
இருபத்தைந்து சுற்று, நூறு வளைவு,
எல்லாம் இடது.
வலது என்றொரு திசை
சனிக்கிழமை இரவுகளில் கிடையாது.

டாங்க் நிறைய எரிபொருள்.
காற்று அளந்தாயிற்று.
"ஏறு, வெர்லின்."
ஹெல்மெட்டோடு ஏறினான்,
கையுறை, கழுத்துப் பட்டை எல்லாம் போட்டு.
பந்தயத்தில் எப்படி உட்காருவானோ
அப்படியே உட்கார வேண்டும்.
மூச்சை மட்டும் மெதுவாக விடச் சொன்னேன்.
எண்கள் நடுங்கி நின்றன.

எழுநூற்று எண்பத்தைந்து.

மே மாத நோட்டில் எண்ணூற்று ஆறு.
இறங்கச் சொன்னேன். பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
பாட்டரி மாற்றினேன்.
மறுபடி ஏறினான்.
எழுநூற்று எண்பத்தைந்து.
ஷாக் அதேதான். டார்ஷன் பார் அதேதான்.
முன் பம்பர்கூட பழையதுதான்,
போன வருஷத்து நசுங்கலோடு.
நான்கு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து
இருக்கைக்குப் பின்னால் அதிகம் குறைந்திருந்தது.

அப்போதுதான் பார்த்தேன்,
தோள் பட்டையின் வால்
அவன் மடியில் ஒரு சாண் நீண்டு கிடந்ததை.

பன்னிரண்டு சீசன் நானும் அவனும்.
அவன் விதை விற்கிறான், நான் டிராக்டர் பழுது பார்க்கிறேன்,
வண்டியில் ஆளுக்குப் பாதி.
அவன் பாதியில் இருபத்தொரு பவுண்டு எங்கே போனது
என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது.
வந்த கேள்வி இப்படி ஆயிற்று:
"இடது பின் லேசாகிவிட்டது.
அரைச் சுற்று ஏற்றட்டுமா?"
அவன் முகக்கண்ணாடியைத் தூக்காமலே
"ஏற்று" என்றான்.

எடை எழுநூற்று எண்பதுக்குக் கீழே போனால்
ஜெயித்தாலும் செல்லாது, அது விதி.
ஓடி முடிக்கையில் எரிபொருளில் பத்து பவுண்டு தீர்ந்திருக்கும்.
அலமாரியில் ஈயக் கட்டி இரண்டு,
ஆளுக்கு ஏழு பவுண்டு.
அவன் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்து
போல்ட் முறுக்கினேன்.
ஸ்பானர் க்ளிக் என்றதும்
அவன் கேட்டிருப்பான்.
திரும்பவில்லை.

மாலையில் தண்ணீர் லாரி போன புதிதில்
மண் மாவு மாதிரி பிடித்தது.
பத்து மணிக்குக் காய்ந்து கறுத்து
ஷூ போட்ட காலுக்கே வழுக்கியது.
வலது பின் சக்கரத்தை அரை அங்குலம் உள்ளே தள்ளினேன்,
காற்றில் ஒரு பவுண்டு குறைத்தேன்.
பச்சைக் கொடி.
உயரத்துப் பாதையில் எல்லோரும் மண்ணை வாரி இறைக்க
வெர்லின் கீழே, உள்விளிம்பை ஒட்டி,
முட்டையை மிதித்து நடப்பவன் மாதிரி.
பதினேழாம் சுற்றில் ஹோக்ஸ்மாவின் பையன் சுழன்றான்.
அவனையும் தாண்டி
ஐந்தாவதாக வந்தான் வெர்லின்.

அதிகாரியின் தராசில் ஏற்றினோம்.
எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.
அதில் ஒட்டிய சேறு எவ்வளவு,
ஈயம் எவ்வளவு, வெர்லின் எவ்வளவு
என்று தராசு பிரித்துச் சொல்லாது.
"சரி, போகலாம்" என்றார் அதிகாரி,
நோட்டில் டிக் போட்டு.

டிரெய்லரில் ஏற்றும்போது இருவருக்கும் ஒரே வியர்வை.
அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.
ரேடியேட்டரிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே
"அடுத்த சனி மழையாம்" என்றான்.
"ஈயத்தைக் கழற்றி வைக்கவா, வெர்லின்?"

சுரண்டுவது நின்றது.
மைதானத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

"இருக்கட்டும், மார்லிஸ்" என்றான்.
"இன்னும் ரெண்டு கட்டி வாங்கி வை."