புயலுக்குக் கீழே

நாற்பத்தொரு பவுண்டு.
பன்னிரண்டில் படுத்துக் கிடந்தது,
கடைசி ஏழு நொடியில் இருவர் முட்டிக்கொண்டதில்
அங்கே போய் நின்றது.
வென்றவன் பெயர் நெமேசியோ சோக்கேவாங்கா.
ஊர் எல் ஆல்ட்டோ, பொலிவியா.
முகவரியில் கதவிலக்கம் இல்லை.
'டயர் கடைக்கு எதிரே, பச்சைக் கேட்.'

கிரிம்ஸ்பியிலிருந்து பச்சைக் கேட்டுக்கு
அஞ்சல் கட்டணம் முப்பத்தெட்டு அறுபது.
சுமைகூலி
சுண்டைக்காயை எட்டிப் பிடித்துவிட்டது.

பொருள், சுவரில் மாட்டும் பாரோமீட்டர்.
பித்தளை வளையம். வெள்ளை முகத்தில் வட்டமாய்
புயல், மழை, மாற்றம், நல்வானம், நெடுவறட்சி.
ஒரு மீன்பிடிக் கப்பலை உடைத்தபோது
இரும்போடு சேர்த்து எடைக்கு வாங்கியது.

மூன்று அட்டைப்பெட்டியை வெட்டி ஒன்றாக்கினேன்.
குமிழித்தாள் நாலு சுற்று.
கண்ணாடிமேல் குளிக்கிற ஸ்பாஞ்ச்.
ஒட்டுநாடா கிழிகிற சத்தத்தில்
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

அவன் எழுதினான்:
'நண்பரே, பரிசு என்று குறியிடவும். மதிப்பு பத்து.
இங்கே சுங்கத்துக்குப் பற்கள் உண்டு.'
மொழிபெயர்ப்பு எந்திரம் எங்கள் நடுவே உட்கார்ந்து
இருவரையும் கொஞ்சம் முட்டாளாக்கியது.

அஞ்சலகம் வாழ்த்தட்டைக் கடையின் பின்மூலையில்.
பிலிப்பா தடுப்புக்குள்ளிருந்து கேட்டாள்:
'பாதரசம் இருக்கா?'
இல்லை.
'அப்ப முள்ளை எது அசைக்குது?'
காற்றை உறிஞ்செடுத்த ஒரு சின்ன உலோகச் சிமிழ்.
உள்ளே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
வெளிக்காற்று அழுத்திப் பார்க்கிறது.
'ஒன்றுமில்லைக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது' என்றாள்.
'பழைய கருவி' என்று எழுதினேன்.
'விற்பனை' கட்டத்தில் குறியிட்டேன்.
நாற்பத்தொன்று என்றே போட்டேன்.
யோக்கியன் என்பதால் அல்ல;
பத்து என்று போட்டால்
உடைந்த அன்றைக்குப் பத்துதான் வரும்.

பிறகு பத்தொன்பது நாள்
'சுங்கத்தில் உள்ளது.'
விடிந்ததும் பார்ப்பேன், தேநீருக்கும் முன்னால்.
விளக்கணைத்த பிறகு இன்னொரு தடவை.
டெர்பியில் இருக்கிற மகளை
இத்தனை முறை நான் விசாரித்ததில்லை.

இருபதாம் நாள் புகார் வந்தது.
'பொருள் விவரித்தபடி இல்லை.
உங்கள் கருவி பயப்படுகிறது.
இங்கே வெயில். துணி காய்ந்து பலகையாகிறது.
முள்ளோ புயலுக்கும் கீழே இறங்கி
ஆணியில் முட்டிக் கிடக்கிறது.'
படமும் வைத்திருந்தான்.
பின்னால் இருந்த வானம்
எங்கள் ஊர் பெயிண்ட் கடையில்கூட இல்லாத நீலம்.

தேடிப் பார்த்தேன். அவன் ஊர்
கடலுக்கு மேலே நாலாயிரம் மீட்டர்.
இங்குள்ள காற்றில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே இல்லை.
முள் பொய் சொல்லவில்லை.
பின்பக்கத் திருகு
அவ்வளவு உயரத்துக்குத் திரும்பாது.
விற்கும் முன் ஒரு வரைபடம் பார்த்திருக்கலாம் நான்.
பணத்தைத் தருகிறேன், பொருளை நீயே வைத்துக்கொள் என்றேன்.
தாராளம் அல்ல; அது திரும்பி வரவும்
யாரோ ஒருவன் கூலி கொடுக்கணும்.

'பணம் வேண்டாம். பொறு.'
அவ்வளவுதான் பதில்.

ஒன்பது நாள் கழித்து ஒரு காணொளி.
லாரியின் முன்பலகை. அதில்
கம்பியால் இறுக்கிக் கட்டிய என் பாரோமீட்டர்.
அவன் லாரி ஓட்டுகிறவன் என்று அப்போதுதான் தெரியும்.
சோயா ஏற்றி அரிக்கா துறைமுகத்துக்கு இறங்குகிறான்;
எல்லைச் சுங்கத்தில் இரண்டு நாள் வரிசையில் கிடந்து,
பனிமலை தாண்டி, உப்புவெளி தாண்டி.
முள் அசையவே இல்லை.
கடைசிப் பள்ளத்தாக்கு, கடைசி சில வளைவுகள்,
ஆணியை விட்டு மெல்ல விலகுகிறது.
புயல். மழை. மாற்றம்.
யாரோ ஸ்பானிஷில் கத்துகிறார்கள்.
கண்ணாடிக்கு வெளியே பசிபிக் விரிகிறபோது
நல்வானம்.

'திரும்பி ஏறும்போது மறுபடி விழுகிறது' என்று எழுதினான்.
'வீடு நெருங்க நெருங்கப் புயல் காட்டுகிறது.
மனைவிக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.'

புகாரை எடுத்துவிட்டான்.
ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.
ஒன்று குறைத்ததற்குக் காரணம்:
ஒட்டுநாடா அதிகம்.