வட்டகொடை கேட்

இரவு மெயிலுக்கு முன்னால் பனி வந்துவிடுகிறது.
பனிக்குப் பின்னால் ஒரு மரக்கறி லொறி.
சாரதி கண்ணாடியை இறக்கி
"இன்னும் எவ்வளவு நேரம்?" என்கிறான்.
காதைத் தொட்டுக் காட்டுகிறேன்.
வளைவுக்கு அப்பால் ஊதுகிறது.

குடிலுக்குள் பழைய கேசியோ ஒன்று வைத்திருக்கிறேன்,
மாதா கோயிலில் கழித்துவிட்டது, மூன்று கட்டை செத்தது.
ரயில் வரும்போது ஊதுவது ஒரு கறுப்புக் கட்டை.
தாண்டிப் போகையில்
அதை ஒட்டிய வெள்ளைக் கட்டை.
ஒரு கட்டை இறங்கினால்
மணிக்கு முப்பத்தாறு கிலோமீற்றர்.
அவ்வளவு இறங்காவிட்டால் தண்டவாளம் வழுக்குகிறது,
அல்லது இன்று ஓட்டுவது ஹேரத்.

இரண்டுக்கும் நடுவே
கட்டையே இல்லாத இடத்தில் இருக்கிறது அசல் சத்தம்.
அது ஹேரத்துக்கு மட்டும் கேட்கும்,
அவரோடு கூடவே போகிறவர்களுக்கும்.

உயர்தரத்தில் இந்தக் கணக்கைத்தான் பிழை விட்டேன்.
மூலம் அசைந்தால் ஒரு சூத்திரம்,
அவதானி அசைந்தால் வேறொன்று.
யார் அசைந்தது என்பதை நான் மாற்றி எழுதினேன்.
பக்கத்து மேசையில் யோகமலர் சரியாக எழுதினாள்.
அவள் பேராதனை, பிறகு நோர்வே.
நான் தலவாக்கலையில் மூன்று வருடம் ஆணி நிறுத்துக் கொடுத்து
பிறகு இந்த மூங்கிலை ஏற்றி இறக்க வந்தேன்.
"நீதானே போனாய்" என்று ஒருமுறை அனுப்பினேன்.
"நீதானே நின்றாய்" என்று வந்தது.
அதற்குமேல் இருவருமே எழுதவில்லை.

முன்விளக்கு பனியில் வந்து மோதுகிறது.
அதே விதிப்படி
வரும் வெளிச்சம் கொஞ்சம் நீலம், போகும் வெளிச்சம் கொஞ்சம் சிவப்பு.
பிஸ்கட் பெட்டி அட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
மூன்று கோடியில் ஒரு பங்கு.
கண் என்ன செய்யும், பாவம்.
கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு
வெறும் கண்ணாடியின் சிவப்பு, ரயில்வே வாங்கிப் போட்டது.
ஆனாலும் யாரோ அதைப் பின்னாலே மாட்டியிருக்கிறார்கள்,
போவதன் நிறம்
தெரிந்தவர் மாதிரி.

கிரேட் வெஸ்டர்ன் மலைக்கு மேலே, கண் எட்டாத தூரத்தில்,
விலகிப் போகிற அண்டங்களின் ஒளி
உண்மையாகவே சிவந்து வருகிறதாம்.
நாம்தான் அவற்றை விட்டு விலகுகிறோமோ என்னவோ.
சத்தத்துக்குக் காற்று வேண்டும். காற்று ஒரு சாட்சி.
இவர் அசைந்தார், அவர் நின்றார் என்று
மயிரிழை வித்தியாசத்தில் சொல்லிக் கொடுத்துவிடும்.
ஒளி வருவது வெறும் இடத்தில்.
இருவருக்கும் இடையே தூரம் கூடுகிறது,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
யார் போனது என்ற கேள்வி
அந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை.

ஆடியில் ஒரு நாள் லீவு போட்டேன்,
பதுளைக்குப் போய்ப் பல் பிடுங்க.
பகல் ரயில். என் கேட்டுக்கு வந்தது.
எனக்குப் பதில் நின்ற சந்தனப்பிச்சை
மூங்கிலைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் நின்றான்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.
நான் தினமும் கேட்கிற மணி,
ஒருநாளும் மாறாத மணி.
ஜன்னலுக்கு நேரே வந்தது, கடந்தது,
ஒரு கட்டை இறங்கியது.

பல்வலியோடு சிரித்துவிட்டேன்.
எதிரே இருந்த சிங்கள அம்மா
தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

இன்று அரைக் கட்டைகூட இறங்கவில்லை. ஹேரத்தான்.
கடைசிப் பெட்டியின் சிவப்பைப் பனி மூடியதும்
மூங்கிலை ஏற்றுகிறேன்.
லொறிக்காரன் நன்றிக்கு நீளமாக ஹோர்ன் அடிக்கிறான்.
என்னைத் தாண்டும்வரை ஒரு நன்றி,
தாண்டிய பிறகு
கொஞ்சம் தாழ்ந்த இன்னொன்று.