இருபத்தைந்து மில்லிமீற்றர்

செக்கனுக்கு இருபத்தைந்து மில்லிமீற்றர்.
அதைவிட வேகமாகத் தாள் ஓடாது,
யாருடைய நெஞ்சென்றாலும்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், கல்முனை.
இரண்டு கையுறை, முகக்கவசத்தின் மேல் இன்னொன்று.
கண்ணாடிக்குள் என் மூச்சே புகையாகி
கட்டில் பதினொன்று
வெறும் ஒன்றாகத் தெரிந்தது.

உதுமாலெவ்வை. அறுபத்தொரு வயது. சம்மாந்துறை.
நெல் ஆலையில் இயந்திரம் பார்ப்பவர்.
காய்ச்சல் விட்டு இரண்டு நாள்,
ஒட்சிசன் தொண்ணூற்றாறு,
நாளன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது.

"மிஸ்,
பெல்ட் நழுவுது."

எந்த பெல்ட் என்றேன்.

"மோட்டர் ஓடுது, உருளையும் சுத்துது,
நடுவுல ஒரு அடிய விட்டுட்டு ஓடுது.
முப்பத்தெட்டு வருசம் கேட்ட சத்தம் புள்ள.
காதால இல்ல,
முதுகாலதான் கேப்பம் அத."

ஜெல் குளிர்ந்தது, சிரித்தார்.
நரைத்த மயிரில் நாலாவது உருண்டை ஒட்டவில்லை.
மூன்று தரம் விழுந்தது.
அசையாதீங்க, பேசாதீங்க என்றேன்.
ஒரு சாண் தாளுக்குத்தான் அவரால் பேசாமல் இருக்க முடிந்தது.

கோடு ஏறியது.
இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல்
வரம்பில் ஏறிப் பாம்பைக் கண்டவன் மாதிரி
மேலேயே நின்றது.

அதை வாசிப்பது என் வேலையல்ல.
பெயர், நேரம், கட்டில்: நான் எழுத வேண்டியது அவ்வளவே.
ஆனாலும் பதினாறு வருடம் கோடு பார்த்த கண்
முகக்கவசத்துக்கு மேலே
மூடாமல் கிடந்ததே.

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சு வருத்தம் எண்டு எழுதுங்க.
மத்தத எழுதாதீங்க.
மத்தத எழுதினா
எரிச்சுப் போடுவாங்க."

நான் எழுதுகிறவள் இல்லை ஐயா.
கோடு இழுக்கிறவள்.
அதையும் மெசின்தான் இழுக்கிறது.
இதைச் சொன்னேனா, நினைத்தேனா,
இரண்டு முகக்கவசத்துக்குள் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் கிருமி தொண்டையோடு நிற்பதில்லையாம்.
இறங்கி நெஞ்சுத் தசையை வீங்க வைக்குமாம்,
இரத்தத்தைக் கட்டியாக்குமாம்,
தூங்கிக் கிடந்த பழைய அடைப்பைத்
தட்டி எழுப்புமாம்.
எது முந்தி எது பிந்தி என்று
கதவுக்கு வெளியே டொக்டர்மார் பேசினார்கள்.
ஊசி ஏற்றினார்கள்.
கோடு பாதி இறங்கியது.

பன்னிரண்டாம் நாள் பஸ்ஸில் ஏறுமுன்
யன்னலைப் பார்த்துக் கையைச் சுற்றிக் காட்டினார்,
ஓடுது என்று.
முழுச் சுற்று இல்லை.

மாசி ஏழோ எட்டோ.
வயலெல்லாம் வெட்டு மெசின்.
மகள் ஜெஸீறா எடுத்தாள்.

"வாப்பா மௌத்தாயிட்டார் மிஸ்.
மில்லுக்குப் போகாதீங்க எண்டுதான் சொன்னம்,
சத்தம் கேக்கப் போனவர்.
மறுகா மூக்குக்குள்ள குச்சி விட்டுப் பார்த்தாங்க,
இல்லெண்டு வந்திட்டு.
ஊர் மையவாடியிலயே அடக்கினம்.
அல்ஹம்துலில்லாஹ்."

காரைதீவில் பிறந்தவள் நான்,
செத்த வீட்டில் சொல்லச் சொற்கள் தெரியும்.
நிம்மதி அடைந்த செத்த வீட்டுக்கு
ஒன்றும் தெரியவில்லை.
"நல்லது" என்றேன்.
வைத்த பிறகும் அந்தச் சொல்
வாயில் உமி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் கேட்டபடிதான் எழுதியிருப்பார்கள், இதயம் என்று.
பொய்யில்லை.
முழுசுமில்லை.

ஆவணியில் அல்மாரி துப்புரவாக்கினோம்.
வெப்பத் தாள், போட்டோக் கொப்பி எடுக்க மறந்திருந்தேன்.
மேலே தகரக் கூரை, ஆறு மாத வெயில்.
கோடு போய்விட்டது.
இளஞ்சிவப்புக் கட்டங்கள் மட்டும்
விதைக்காத வயல் மாதிரி.
ஓரத்தில், நீலப் பேனையில், என் எழுத்து:

உதுமாலெவ்வை.
காலை 9.40.
கட்டில் 11.
நாலாவது ஒட்டவில்லை.