இயற்கைப் பெருக்கம்

ஹாமில்டன், கிரே தெரு. ஆகஸ்ட் மழை.
ராஸ் டல்லக் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
காலுறையோடு வந்து உட்கார்ந்தார்.
ஷோனா ஒரு செருப்புப் பெட்டியை
மேசைமேல் வைத்தார்.
போன வருடம் முழுக்க அதற்குள் இருந்தது:
ரசீதுகள், ஒரு காது வில்லை,
காய்ந்த புல்லின் இரண்டு இழை.

அதற்குள் இருப்பதெல்லாம் எனக்கு முன்பே வந்துவிட்டது,
கணக்கும் முடிந்துவிட்டது.
சொல்வதற்குத்தான் வாய் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்து நானூறு தாய் ஆடு.
ஸ்கேனில் நூறுக்கு நூற்று நாற்பத்தெட்டு.
வால் நறுக்கிய அன்று எண்ணியது
நூற்றுப் பதினொன்று.
நடுவில் போன முப்பத்தேழுக்கு
என் தாளில் கட்டம் கிடையாது.
நரி ரசீது தருவதில்லை.
தெற்கிலிருந்து மூன்று நாள் வீசிய காற்றும்
தரவில்லை.

மழை பொய்த்த கோடையில்
லாரி லாரியாக உலர்புல்.
புல்லுக்குப் பாதி, டீசலுக்குப் பாதி.
இருபத்து நாலு கிலோ தொங்கவேண்டிய உடல்
இருபதில் நின்றது.
தோலுக்கு விலை சுழியம்.

பிறந்த குட்டியை
வரிச் சட்டப்படி நாலு டாலர் என்று எழுதலாம்.
அந்த வரிக்கு 'இயற்கைப் பெருக்கம்' என்று பெயர்.
முதன்முதலில் படித்தபோது
ஏதோ சாமி பெயர் என்று நினைத்தேன்.

"ரொக்க வருமானம் ஐம்பத்தோராயிரம்."
ராஸ் முகத்தில் கொஞ்சம் வெயில்.
பிறகு தேய்மானம்.
பிறகு, மெலிந்துபோன மந்தையின் மதிப்பு.
பிறகு அந்தக் கடைசி வரி:
குடும்பத்தார் கூலி வாங்காமல் செய்த வேலை,
மதிப்பீட்டின்படி.
அதையும் கழித்தபோது
எண் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது.
எழுபத்தெட்டாயிரம்,
இரண்டு பக்கமும் படல் சாத்தி.

ஷோனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.
"எனக்கு மணிக்கு எவ்வளவு போட்டீர்கள்?"
"முப்பத்திரண்டு."
"ராத்திரி மூன்று மணிக்குமா?
முழங்கைவரை உள்ளே விட்டு
தலை மடங்கிய குட்டியைத் திருப்பும்போதுமா?"
"எல்லா மணிக்கும் ஒரே விலை."
"அப்படியென்றால்," சிரித்தார்,
"நஷ்டமே என்னை வேலைக்கு வைத்ததில்தான்."

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குகூட மிஞ்சாது என்று
எங்கள் ஊர்ப் பேச்சில் ஒன்று உண்டு.
நான் சொல்லவில்லை.
உழுதவனுக்குப் பதிலாகக் கணக்குப் பார்க்க
மணிக்கு இருநூற்று இருபது வாங்குகிறவன்
அதைச் சொல்லக் கூடாது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.
நிலம்.
ஏக்கருக்கு எழுநூறு ஏறியிருக்கிறது.
வருடம் முழுக்க நடந்த ஆடு நஷ்டம்.
சும்மா கிடந்த மண் லாபம்.
"அப்போது நாங்கள் பணக்காரர்கள்" என்றார் ராஸ்.
"ஆமாம்.
விற்றுவிட்டுக் கிளம்பினால்."
ராஸ் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் மழை மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு கைபேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன.
செம்மறி வளர்ப்போருக்கு எச்சரிக்கை:
குளிர்மழை, தெற்குக் காற்று, இன்று மாலையிலிருந்து.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
பூட்ஸ் கயிறு கட்டாமலே ராஸ் வேனுக்கு ஓடினார்.
ஷோனா கதவில் நின்று
"கையெழுத்து வியாழக்கிழமை" என்றார்,
எந்த வியாழன் என்று சொல்லாமல்.

பெட்டி மேசையிலேயே இருந்தது.
கையெழுத்திட வேண்டிய இடத்தில்
நான் ஒட்டிய மஞ்சள் சீட்டும்.
நேரத்தாளில் நாற்பது நிமிடம் என்று எழுதி
இருபதாக்கினேன்.
மறுபடி நாற்பதாக்கினேன்.

ராத்திரி மூன்று மணி பத்து நிமிடத்துக்கு
ஷோனாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.
காலையில்தான் பார்த்தேன்.

"இரட்டை.
இரண்டும் எழுந்து நிற்கின்றன.
எட்டு டாலர்."