நாலாவது பிளக்

மல்லாவிச் சந்தியில் மூன்று காலில் நொண்டிக்கொண்டு
வந்து நின்றது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்.
கூரையில் கயிற்றால் கட்டிய இரண்டு ஒலிபெருக்கி.
"பொழுதுபட முதல் வற்றாப்பளையில நிக்கவேணும் அக்கா,"
எஞ்சினை நிற்பாட்டப் பயந்து
அதன் இருமலுக்கு மேலால் கத்தினான் யோகச்சந்திரன்.

நிற்பாட்டச் சொன்னேன்.
இரும்பென்றாலும்
சூடு தணிந்த பிறகுதான் கையை வைக்கவேணும்.

பாதை திறந்து பெற்றோல் வந்து இரண்டு மாதம்.
வயிற்றுக்குள் இன்னும் மண்ணெண்ணெய்.
முதலாவது பிளக் அடுப்புக்கரி.
இரண்டாவது கரி, அதன்மேல் ஒயில்.
மூன்றாவதைத் துடைத்தும் பார்க்கவில்லை.

நாலாவது உள்ளுக்குள், தகட்டோடு ஒட்டி,
கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.
"அதை ஒருத்தரும் மாத்திறேல்லை. கை போகாதாம்."
என் கை போகும்.
சாவியை விரல் நுனியில் பிடித்து
கால் சுற்று, பிறகு கால் சுற்று,
கண்ணை மூடிக்கொண்டு.

வந்தது.
கார்ப் பிளக்கே இல்லை,
தண்ணி இறைக்கிற மெசினுடையது. புரி கட்டை.
தலையில் அரத்தால் இழுத்த இரண்டு கீறு:
இரவல் சாமானுக்கு நான் போடுகிற கீறு.

கிளிநொச்சி எழும்பிய இரவு.
அக்கராயன் றோட்டில் நின்றுபோன இந்தக் கார்
அப்போது நீலம்.
முன் சீற்றில் தையல் மெசின்.
பின் சீற்றில் யாரோ முனகிக்கொண்டு.
சிற்றம்பலத்தாரின் தோட்டத்து மெசினில் கழற்றி
இருட்டுக்குள் தடவிப் பூட்டி
சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுத்
தள்ளினோம். போனது.
பின்லைற்றும் இல்லாமல் போனது.
எங்கே போய்ச் சேர்ந்ததென்று கேட்க
ஒரு பெயர்கூடத் தெரியாது.

"காரை ஆரிட்ட வாங்கினது?"
"துணுக்காயில, ஒரு தையல்காரியிட்ட."
"தனியவோ இருக்கிறா?"
"மூண்டு பிள்ளையள். கடைசிப் பெடியன்
இதுக்குள்ளதான் பிறந்தவனாம்.
விலை பேசேக்க அதையும் சேர்த்துச் சொன்னவ."

புதுப் பிளக்கின் இடைவெளியை
பிளேட்டால் அளந்தேன். திரும்பவும் அளந்தேன்.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று
வாய்க்குள் சொல்லி வயர்களைக் கொழுவினேன்.
ஒரே அடியில் பிடித்தது.
கூரையில் ஒலிபெருக்கிகள் ஆடாமல் இருந்தன.

நாலுக்கும் காசு வாங்கினேன்,
ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.
பழையதுகளை அவன் கேட்கவில்லை.

சிற்றம்பலத்தார் கேட்பார்.
சந்தையில் கண்டால் ஆறு வருசமாய்
"பிள்ளை, அந்தப் பிளக்...?"
நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேணும்,
இனி வேலை செய்யாது என்று
சொல்லித்தான்.