பன்னிரண்டு அவுன்ஸ்

ஆர்வல் டீக் கண்ணாடிப் பெட்டிமேல்
பச்சைத் துணி விரித்து மூன்றை வைத்தார்.
"எடுத்துப் பார் டெல்ஃபீன். காசா கேட்டேன்?"

முதலாவது முழு எஃகு.
கையில் உட்கார்ந்தது பாருங்கள்,
இனி எழுந்திருக்கவே மாட்டேன் என்பதுபோல.
அதன் கதை எனக்குத் தெரியும்:
முதல் வாரம் இடுப்பில், மறு வாரம் பையில்,
மூன்றாம் வாரம் வண்டி இருக்கைக்கு அடியில்
பெட்ரோல் ரசீதுகளோடு உறங்கும்.
வண்டிக்குள் பாம்பு வந்தால் உதவும்.

இரண்டாவது அழகு. அதனாலேயே வேண்டாம்.

மூன்றாவது அலுமினியம். ஐந்து அறை.
தூக்கியபோது கை வேண்டியதைவிட மேலே போய்விட்டது,
பால் இருக்கும் என்று நம்பி எடுத்த
காலி டப்பாவைப்போல.

டேவிஸ் மலைக்குத் தெற்கே என் பொறுப்பில்
கிணறுகள் நாற்பத்தொன்று.
மாதம் ஒருமுறை மூடி திறந்து, அளவுநாடா இறக்கி,
தண்ணீர் இன்னும் எவ்வளவு கீழே போயிற்று
என்று எழுதி வரவேண்டும்.
சிலவற்றுக்கு, பாதை தீர்ந்த இடத்திலிருந்து மூன்று மைல்.
நடப்பவளுக்கு எல்லாமே எடைதான்.
துப்பாக்கியில் ஓர் அவுன்ஸ் கூடினால்
தண்ணீரில் ஒரு வாய் குறையும்.
கடன் வாங்கி வந்து, மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
பன்னிரண்டு.
குழல் நுனியில் சோளமாவு ஒட்டிக்கொண்டது.

ஆர்வல் எதையும் மறைக்கவில்லை.
"சுமக்கும்போது மிச்சம் பிடித்ததை
சுடும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும்."
கடைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியை நிறுத்தி
ரவைத் தோட்டா போட்டுக் கொடுத்தார்.
ஆறடியில் ரவை சாப்பாட்டுத் தட்டளவு விழுந்தது.
பன்னிரண்டு அடியில், ஓட்டைகளுக்கு நடுவே
ஒரு பாம்பு சௌகரியமாகப் படுத்துக்கொள்ளலாம்.
உள்ளங்கை அன்றிரவு கரண்டி பிடிக்க மறுத்தது.

கணக்கு அப்போதே உறுத்தியது.
ஆறடியில் ரவை பாம்பைத் தொடும், பாம்பு என்னைத் தொடாது.
அங்கே நிற்பவளுக்குத் துப்பாக்கி எதற்கு,
திரும்பி நடக்கக் கால் இருக்கும்போது?
இரண்டடியில் அது தேவைப்படும்.
இரண்டடியில் அதை எடுக்க நேரமிருக்காது.

வெண்டலுக்குப் போன மே மாதம் கடித்தது நடுவிரலில்.
அவன் இடுப்பில் துப்பாக்கி இருந்தது.
பார்க்காத பாம்பை எப்படிச் சுடுவது?
ஹெலிகாப்டரில் ஏற்றுமுன்
அதைக் கழற்றி யாரிடமாவது கொடுக்கச் சொன்னார்களாம்.

எல்லாம் தெரிந்துதான் வாங்கினேன்.
ஏன் என்று எழுத ரசீதில் இடமில்லை.

ஆகஸ்ட். பதினேழாம் கிணறு.
மூடிக்குக் கை நீள்வதற்குள் அந்தச் சத்தம்.
கிலுகிலுப்பைப் பாம்பு என்று பெயர் வைத்தவர்
அதைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.
காய்ந்த சட்டியில் கையளவு தண்ணீர் எறிந்த சத்தம் அது.
கை பைக்குள் போனது.
கால் அதற்கு முன்பே பின்னால் போயிருந்தது.

மூடியின் நிழலில், என் அளவுநாடாவைப்போலவே
சுற்றுக்குள் சுற்றாக.
தலை மட்டும் என் பக்கம்.
அதுவும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் என்று
பார்க்கத்தான் வந்திருக்கும்.

குறி வைத்தேன்.
கை ஆடியது; இலேசான துப்பாக்கி
நடுக்கத்தை மறைத்துக் காட்டாது.
அதை இறக்கி, பைக்குள் போட்டு,
ஆறேழு அடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.
பத்து நிமிடம். சேமித்த வாய்களில் இரண்டைக் குடித்தேன்.
அது அசையவில்லை. வெயில் அசைந்தது.

நோட்டில் பதினேழுக்கு நேரே கோடு போட்டு
'அளக்காத காரணம்' என்ற கட்டத்தில்
"உள்ளே ஆள்" என்று எழுதினேன்.

பதினெட்டாம் கிணறு வரை
பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தது.
தோட்டாக்களோடு சேர்த்தால் பதினான்கு அவுன்ஸ் இருக்கும்.
தராசில் அவற்றை வைக்க மறந்திருந்தேன்.